வல்லம் வடகாலில் 18,720 கட்டில் வந்தாச்சு. வாடகை வீடும் ஷிப்ட் பேருந்தும் எப்போது?

ஒரகடம்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வரும் மே 1 கிராம சபையில் தொழிலாளர் குடியிருப்பு பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று எங்கள் பக்கத்தில் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர்கள், வீடு விட்டவர்கள், கம்பெனியில் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள் என்று கலவையான கூட்டம். அதனால் எதிலும் ஒத்துப்போகவில்லை. இங்கே போட்டுப் பார்க்கலாம் என்று வந்தேன்.

தெரியாதவர்களுக்குப் பின்னணி. 2021 டிசம்பரில், ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதன்பிறகு பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடி, ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த மறியலுக்குப் பிறகுதான் 'தொழிலாளி எங்கே தூங்குகிறாள்' என்ற கேள்வி கோட்டைக்குள் போனது. 2024 ஆகஸ்ட் 17 அன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால் சிப்காட்டில் (அரசின் தொழிற்பூங்கா) 20 ஏக்கரில் 13 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 10 மாடி, மொத்தம் 18,720 படுக்கைகள், 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டிய தொழிலாளர் விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் "இன்னும் இதுபோல நான்கு கட்டச் சொல்லிக் கேட்போம்" என்கிறார்கள். மீதிப்பேர் "வீடு கேட்போம், பஸ் கேட்போம்" என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் இருப்பவர்கள் முதலில் சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட்

நான் விடுதியிலும் இருந்திருக்கிறேன், வெளியே வாடகைக்கும் இருக்கிறேன். அரசு கட்டிய விடுதி அல்ல, அதற்கு முந்தைய காலத்துத் தனியார் விடுதி. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்.

விடுதியில் இருக்கும்போது வாடகைக் கவலை கிடையாது. பஸ் வாசலுக்கு வரும், ஏறினால் ஆலை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வருகிற பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல், வீட்டிலும் அதனால்தான் அனுப்புவார்கள். ஆனால் எங்கள் விடுதியில் ஒரே அறையில் 'ஏ' ஷிப்டும் (காலை) 'சி' ஷிப்டும் (இரவு) இருந்தோம். விடிகாலை நாலரைக்கு ஒருத்தி அலாரம் வைத்து எழுந்து, வாளி சத்தத்தோடு குளிக்கப் போவாள். நைட் முடித்து ஏழு மணிக்கு நாங்கள் வந்து படுத்தால், எட்டு மணிக்கு மெஸ்ஸில் டிபன் முடிந்துவிடும். தூக்கமா இட்லியா என்று ஒன்றைத்தான் எடுக்கலாம். வாரத்துக்கு ஒருநாள் வெளியே போகலாம், அதற்கும் வார்டனிடம் எழுதி வைக்க வேண்டும். அம்மா பார்க்க வந்தால் கேட்டுக்கு வெளியே புளிய மரத்தடிதான்.

இதையெல்லாம் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. கல்யாணம் ஆனால் கட்டில் போய்விடும். கணவனோடு விடுதியில் இருக்க முடியாது, குழந்தையோடு இருக்கவே முடியாது. அப்போது வெளியே வீடு எடுக்க வேண்டும், அந்த வீடு கம்பெனி பஸ் போகாத தெருவில்தான் நமக்குக் கட்டுப்படியாகும். கூட வேலை பார்த்தவர்கள் பலர் சம்பளம் பிடிக்காமல் நிற்கவில்லை, இந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள். படுக்கையை எண்ணுகிறவர்கள் இதை எண்ணுவதே இல்லை.

வீட்டுக்காரர்58

எல்லாரும் வீட்டுக்காரனைத் திட்டுவதற்கு முன் நானே வந்துவிடுகிறேன். சிப்காட்டுக்குக் கொடுத்ததுபோக மிச்சமிருந்த நிலத்தில் லைன் வீடு கட்டியிருக்கிறேன். எட்டு போர்ஷன், ஒவ்வொன்றும் ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு. கழிப்பறை பொது, இரண்டு. இதில் வரும் வாடகைதான் எனக்கு விவசாயம்.

அரசாங்கம் ஆயிரக்கணக்கில் கட்டில் போட்டால் எங்கள் வீடு காலியாகும் என்று பயந்தோம். ஆகவில்லை. குடும்பமாக வருகிறவர்கள், வடமாநிலத்துப் பையன்கள், ஐ.டி.ஐ. முடித்த டிரெய்னிகள் எல்லாம் எங்களிடம்தான் வருகிறார்கள். ஒரு அறையில் இரண்டு பேர் என்று சொல்லி எடுப்பார்கள், ராத்திரி எண்ணினால் ஆறு. நான் என்ன செய்ய?

சப்மீட்டர்

@வீட்டுக்காரர்58 அண்ணே, நீங்கள் வந்து பேசுவதே பெரிய விஷயம், அதனால் மரியாதையாகவே கேட்கிறேன். யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. லைன் வீட்டில் இருக்கும் எங்களில் ஒருவருக்கும் அந்த நூறு யூனிட் வந்து சேர்ந்ததில்லை. சப் மீட்டர் வைத்து, ஒரே ஃபேன், ஒரே பல்புக்கு யூனிட் எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று கணக்குப் போடுகிறார்கள். மானியம் எங்கள் பெயரில், பில் எங்கள் தலையில்.

அட்வான்ஸும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனால் இங்கே ஒப்பந்தம் என்று ஒரு தாளே கிடையாதே. தாள் இல்லாததால் முகவரிச் சான்று இல்லை, கேஸ் இணைப்பு இல்லை, ஓட்டும் ஊரில்.

வீட்டுக்காரர்58

தம்பி, எட்டு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு. எல்லாரும் ஓட்டினால் 500 யூனிட் சுலபமாகத் தாண்டும், தாண்டினால் முன்னால் ஓடிய யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். தனித்தனி மீட்டர் கேட்டுப் போனால் பிளான் எங்கே, நிறைவுச் சான்று எங்கே என்கிறார்கள். பஞ்சாயத்தில் சொல்லிவிட்டுக் கட்டிய கட்டடத்துக்கு நிறைவுச் சான்றுக்கு நான் எங்கே போவது? மீட்டர் கொடுங்கள், நாளைக்கே அவரவர் பில்லை அவரவர் கட்டட்டும். எனக்கும் மாசக் கடைசியில் பல்புக்கு சண்டை போட ஆசையா?

ஒரகடம்வாசி

இது உருப்படியாக இருக்கிறது. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை: லைன் வீட்டுக்குப் போர்ஷனுக்கு ஒரு மீட்டர், அதற்கு எளிய வழி. குறித்துக்கொண்டேன். பஸ் பக்கம் யாராவது வாருங்கள்.

கூட்ஸ்ஷெட்

வந்தேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியில் இரண்டு போக்குவரத்து உலகங்கள் ஒரே சாலையில் ஓடுகின்றன. ஒன்று கம்பெனி பஸ். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பில் நின்று பாருங்கள், வெள்ளைப் பேருந்துகள் வரிசையாக வரும், கண்ணாடியில் கம்பெனி பெயரும் ரூட் எண்ணும் ஒட்டியிருக்கும். ஒரே ஊருக்கு நாலு கம்பெனியின் நாலு பஸ், நாலும் பாதி காலி. அடையாள அட்டை இல்லாமல் ஏற முடியாது. வேலை முடிந்தால் அட்டை முடிந்தது, பஸ்ஸும் முடிந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களுக்குப் பல இடங்களில் அதுவும் கிடையாது.

இன்னொன்று அரசு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் டவுன் பஸ்ஸின் கால அட்டவணை பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போட்டது. ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தேகாலுக்குள் ஆலை வாசலில் இறக்கும் வண்டி எத்தனை? ராத்திரி பத்தரைக்கு 'பி' ஷிப்ட் விட்டால் எது இருக்கிறது? ஷேர் ஆட்டோதான், அவன் கேட்கும் காசுதான். இலவசப் பயணம் இருக்கிறது, பயணம் செய்ய வேண்டிய நேரத்தில் பஸ் இல்லை.

ரயில் கதை இன்னும் பழையது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை 2013-14 ரயில்வே பட்ஜெட்டில் வந்தது. ஊர் இன்னும் ரயிலைப் பார்க்கவில்லை. செங்கல்பட்டு – அரக்கோணம் பாதையில் வாலாஜாபாத் நிலையம் இருக்கிறது. அங்கே இந்த ஆலைகளின் கார்களை சரக்கு ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்புகிறார்கள். காருக்கு ரயில் கிடைத்துவிட்டது, காரைச் செய்கிறவனுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

மெட்ரோவைச் சொல்வீர்கள். பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை நீட்டிப்பில், முதல் கட்டமாக சுங்குவார்சத்திரம் வரை 27.9 கி.மீ., 14 நிலையங்கள் என்று 2025இல் மாநில அரசு முடிவெடுத்தது. வரட்டும். ஆனால் மெட்ரோ வருகிறது என்ற சத்தம் கேட்டதுமே நெடுஞ்சாலை ஓர மனை விலை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நிலையம் திறக்கும் நாளில் அதைச் சுற்றி லைன் வீடு இருக்காது, 'கேட்டட் கம்யூனிட்டி'தான் இருக்கும். தொழிலாளி இன்னும் உள்ளே தள்ளிப் போயிருப்பான், பைக்கில் வருவான். வீட்டையும் பஸ்ஸையும் தனித்தனி இலாகாவிடம் தனித்தனி மனுவாகக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

துவாஸ்_முருங்கை

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், ஊர் உத்திரமேரூர் பக்கம். "இன்னும் நான்கு கட்டு" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

இங்கே கட்டுமானத்தில், கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நம்மூர் ஆட்களும் வங்கதேசத்தவர்களும் தங்கியிருந்த விடுதிகளில் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஒழுங்கு, சுத்தம், மேற்பார்வை எல்லாம் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா உள்ளே வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தொற்று வந்துபோனதாக அரசே கணக்குச் சொன்னது. வெளியே ஊரில் அந்த அளவில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு 2021இல் புது விடுதிகளுக்கு விதி போட்டார்கள்: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டும் என்று.

வேலைக்குப் போவது லாரியின் பின்பக்கத்தில். இத்தனை பணக்கார ஊரில், மெட்ரோ இத்தனை வரி ஓடும் ஊரில், விடுதி ஊர்க்கோடியில் இருப்பதால் லாரிதான். ஆளை மொத்தமாக ஓரிடத்தில் வைத்துவிட்டால் அப்புறம் பஸ் ஸ்டாப் யாரும் கேட்க மாட்டார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஏரிக்கரை

நான் தொழிலாளி இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. ஏரிப்பாசனத்தில் மிச்சமிருக்கும் நாலு பேரில் ஒருவன்.

தனியார் விடுதிகள் வரிசையாக வந்தன. பஞ்சாயத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி வரும். அந்த லாரி எங்கே போகிறது என்று கேட்டால் ராத்திரி மதகுப் பக்கம் வந்து பாருங்கள். ஆயிரம் பேர் தங்கும் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் அனுமதித் தாளில் எழுத வேண்டாமா? எங்கள் ஊர்க்காரர்கள் "வெளியாள் வேண்டாம்" என்று பேச ஆரம்பித்ததே இதனால்தான். ஆளின் மேல் கோபம் இல்லை, தண்ணீர் மேல் பயம்.

அப்புறம், தீர்மானம் போடுவது பற்றி. ஏகனாபுரம்காரர்கள் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக கிராம சபையில் எத்தனை முறை தீர்மானம் போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தாள் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. அதனால் தீர்மானத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஒரகடம்வாசி

@ஏரிக்கரை உங்கள் ஊரிலிருந்தும் ஒருவர் கூட்டத்துக்கு வர வேண்டும். கழிவுநீர் இல்லாமல் இந்தத் தீர்மானத்தை ஊர்க்காரர்கள் ஆதரிக்க மாட்டார்கள். கிராம சபையில் கை தூக்கப் போவது அவர்கள்தானே, வாடகைக்கு இருப்பவர்களில் பாதிப்பேருக்கு இங்கே ஓட்டே இல்லை.

கணக்கர்

எல்லாரும் உணர்ச்சியாகப் பேசிவிட்டீர்கள், நான் கால்குலேட்டரை எடுக்கிறேன்.

706.50 கோடியை 18,720ஆல் வகுத்தால் ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ 3.77 லட்சம். அதாவது ஒரு அறையில் ஆறு பேர் என்றால் அந்த அறைக்கு 22 லட்சத்துக்கு மேல். (பொது இடம், சமையற்கூடம், எல்லாம் சேர்த்து.) இதே தொகையில் ஒரு படுக்கையறை, சமையலறை, தனிக் கழிப்பறை உள்ள சின்ன வாடகை வீடு கட்ட முடியுமா என்பது நியாயமான கேள்வி. நிலம் சிப்காட்டிடம் இருக்கும்வரை முடியும் என்பதுதான் என் கருத்து. வெளிச்சந்தையில் மனை வாங்கிக் கட்டினால் முடியாது. அதனால் கேட்க வேண்டியது பணத்தை அல்ல, நிலத்தை. ஒவ்வொரு தொழிற்பூங்காவிலும் ஆலைக்கு ஒதுக்குவதுபோலக் குடும்ப வாடகை வீட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்கு என்று.

இது புதுசு ஒன்றும் இல்லை. ஐ.சி.எஃப். கட்டியபோது குவார்ட்டர்ஸ் சேர்ந்து வந்தது. திருச்சி பெல்லுக்கு டவுன்ஷிப் வந்தது, நெய்வேலி ஊரே அப்படி வந்ததுதான். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இந்த இழையிலும் இருப்பார்கள். வேலை ஒப்பந்தத்துக்குப் போனதும் குவார்ட்டர்ஸ் கட்டிலாகச் சுருங்கியது.

மத்திய அரசின் வாடகைக் குடியிருப்புத் திட்டம் 2020இலேயே வந்தது, நகரத் தொழிலாளருக்கென்று. 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சிலும், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கும் விடுதிக் கட்டணத்துக்கு வரி வேண்டாம் என்றது. ஆக, சலுகை எல்லாம் கட்டில் பக்கமே சாய்ந்திருக்கிறது. தனியார் ஏன் வீடு கட்டுவான்?

நைட்ஷிப்ட்

@கணக்கர் சின்னத் திருத்தம். "குடும்ப வீடு மட்டும்" என்று எழுதிவிடாதீர்கள். தனியாக வருகிற பெண்களுக்கு விடுதி வேண்டும், இல்லாவிட்டால் அவளை வேலைக்கே அனுப்ப மாட்டார்கள். இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து ஒரு வீடு எடுக்க வழி இருந்தால் இன்னும் நல்லது. இன்று மூன்று பெண்கள் சேர்ந்து வீடு கேட்டால் "யாரும்மா பெரியவங்க?" என்கிறார்கள். (@வீட்டுக்காரர்58 உங்களைச் சொல்லவில்லை. உங்களையும்தான்.)

வீட்டுக்காரர்58

அக்கம்பக்கம் பேசும்மா. ஆனால் கூட்டத்தில் வந்து இதைக் கேள், நானும் பதில் சொல்கிறேன்.

கூட்ஸ்ஷெட்

பஸ் பற்றி சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. ஆலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்றிருந்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கூடவே பாதுகாப்பு நிபந்தனைகள் வைத்தது. அதில் ஒன்று, இரவு ஷிப்ட் பெண்களுக்கு வீட்டிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து வீட்டுக்கும் வாகனம். வீட்டிலிருந்து! நெடுஞ்சாலை 'பிக்கப் பாயிண்ட்'டிலிருந்து அல்ல. அந்தப் பாயிண்டிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர், தெருவிளக்கு இல்லாத ஏரிக்கரை ரோட்டில் நடக்கிறாளே, அந்த ஒன்றரை கிலோமீட்டர் யாருடைய பொறுப்பு?

என் யோசனை: கம்பெனி பஸ்களை நிறுத்தச் சொல்ல வேண்டாம், நடக்காது. ஷிப்ட் மாறும் மூன்று நேரங்களில் மட்டும் கிராமம், பிக்கப் பாயிண்ட், சிப்காட் வாசல் என்று சுற்றிவரும் சின்ன அரசு பஸ். மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூனில் மின்சாரப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கிவிட்டது, அதில் தனியாருக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கிறார்கள். அதே முறையில் இங்கே ஓட்டலாம். தொழிற்சாலைகள் இப்போது பாதி காலி பஸ்ஸுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தாலே போதும். யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பது முக்கியம். அடையாள அட்டை கேட்காத பஸ்.

கேட்க வேண்டிய இடமும் இருக்கிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தபோது நம் பகுதி உள்ளே போனது. மூன்றாம் பெருந்திட்டம் தயாராகிறது. சாலை, நிலப் பயன்பாடு, போக்குவரத்து எல்லாம் அதில் ஒரே புத்தகம். கும்டா என்று போக்குவரத்துக்குத் தனி ஆணையமும் இருக்கிறது. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பிரதி, இவர்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பிரதி.

சப்மீட்டர்

பிளாட்பாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரகடம் – சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் சர்வீஸ் லேனில் கண்டெய்னர் லாரி நிற்கிறது. சைக்கிளில் போகிறவன் லாரியைச் சுற்றிக்கொண்டு, ஓடும் வண்டிகளுக்கு நடுவே போகிறான். சைக்கிள் பாதை கேட்டால் சிரிப்பார்கள். லாரி நிறுத்த இடம் கேட்டால் கம்பெனிக்காரனும் கையெழுத்துப் போடுவான். இரண்டும் ஒன்றுதான்.

ஒரகடம்வாசி

@சப்மீட்டர் இது எனக்குத் தோன்றவே இல்லை, பிரமாதம்.

இதுவரை வந்ததை வைத்து வரைவு. நீளமான முன்னுரை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"சிப்காட் பூங்காக்களில் குடும்பத்தோடும், தோழிகள் சேர்ந்தும் தங்கக்கூடிய வாடகை வீடுகளுக்கு நிலம் ஒதுக்க வேண்டும். அந்த வீடுகள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏற்கனவே உள்ள லைன் வீடுகளுக்குப் போர்ஷன்வாரியாக மின் மீட்டர் கொடுக்க எளிய நடைமுறை வேண்டும். பதிலுக்கு வீட்டு உரிமையாளர்கள் எழுத்து ஒப்பந்தம் கொடுப்பார்கள். நூறு பேருக்கு மேல் தங்கும் எந்த விடுதிக்கும் கழிவுநீர் ஏற்பாட்டைக் கிராம சபையின் பார்வைக்கு வைத்த பிறகே அனுமதி. மூன்று ஷிப்ட் நேரங்களிலும் அனைவரும் ஏறக்கூடிய அரசு இணைப்புப் பேருந்து. பெண்களுக்கு அதிலும் கட்டணமில்லாப் பயணம். கனரக லாரிகளுக்குத் தனி நிறுத்துமிடம்."

விடுதி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையை வேண்டுமென்றே உள்ளே கொண்டுவரவில்லை. இருக்கிற விடுதி இருக்கட்டும், அடுத்த ரூபாய் வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் போகட்டும். இதற்கு மேல் என்னால் சமரசம் செய்ய முடியாது.

ஏரிக்கரை

"நூறு பேருக்கு மேல்" என்றால் தொண்ணூற்றொன்பது பேர் விடுதி பத்து வரும். ஐம்பது என்று போடுங்கள்.

வீட்டுக்காரர்58

எழுத்து ஒப்பந்தம் சரி. மீட்டர் வந்த பிறகு. அந்த வரிசையை மாற்றாமல் எழுதுங்கள்.

நைட்ஷிப்ட்

கிராம சபை காலை பதினொரு மணிக்குத்தானே வைப்பார்கள்? மே 1 எங்களுக்கு லீவுதான், ஆனால் முந்தின ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் அப்போதுதான் படுத்திருப்பார்கள். எங்கள் லைனில் பிக்கப் பாயிண்டுக்கும் வீட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், எந்தத் தெருவில் விளக்கு இல்லை என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்திருக்கிறோம். வராதவர்களிடம் கையெழுத்து முன்கூட்டியே வாங்கிவிடலாமா, இல்லை நேரில் இருந்தால்தான் கணக்கா?

கணக்கர்

கை தூக்க நேரில் இருக்க வேண்டும், வாக்காளராகவும் இருக்க வேண்டும். மனுவில் கையெழுத்துக்கு அந்தத் தடை இல்லை. இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். தாளை ஒரகடம்வாசியிடம் கொடுங்கள், வரைபடமாகப் போட்டுத் தருகிறேன்.